மண்ணின் வயது வேறு, மேடையின் வயது வேறு

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் ஜகார்த்தாவுக்கோ பண்டுங்கிற்கோ செல்லும் வாய்ப்பு கிடைத்தால், ஒரு நாளைக் குனோங் பாடாங் மலைக்கு ஒதுக்குங்கள். மேற்கு ஜாவாவின் சியாஞ்சூர் வட்டாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 885 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த மலை. அதன் உச்சியில், எழுத்து அறியாத காலத்து மக்கள் கற்களை அடுக்கி அமைத்த வழிபாட்டு இடம் ஒன்று உள்ளது.

2023 அக்டோபரில் இந்த மலையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மலைக்கு அடியில் மனிதர் கட்டிய பிரமிடு இருக்கிறது, அதன் மிகப் பழைய பகுதி கி.மு. 25,000 முதல் கி.மு. 14,000 வரையிலான காலத்தைச் சேர்ந்தது என்று அது கூறியது. எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு வயது சுமார் 4,500 ஆண்டுகள்தான். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 2024 மார்ச் மாதத்தில், அதை வெளியிட்ட ஆய்விதழே கட்டுரையை மீட்டுக்கொண்டது. அப்படியானால், தவறு எங்கே நடந்தது?

கல்லைச் செதுக்கியது யார்?

அடிவாரத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகள் செங்குத்தாக மேலே செல்கின்றன. சுற்றிச் செல்லும் எளிய பாதையும் உண்டு. மேலே போனால், ஒன்றைவிட ஒன்று உயரமாக ஐந்து மேடைகளைக் காண்பீர்கள். அவை வடமேற்கே தெரியும் கெடே எரிமலையை நோக்கி அமைந்துள்ளன. எங்கு பார்த்தாலும் நீண்ட கற்தூண்கள். சில நிற்கின்றன, பல படுத்துக் கிடக்கின்றன. பக்கங்கள் ஐந்தோ ஆறோ இருக்கும். இழைத்து வைத்த மரச்சட்டம் போலத் தட்டையாக இருக்கும்.

இவற்றை யாரோ உளி கொண்டு செதுக்கினார்கள் என்றே முதலில் தோன்றும். உண்மையில், செதுக்கியது இயற்கை. எரிமலைக் குழம்பு குளிரும்போது சுருங்குகிறது. சேறு காயும்போது வெடிப்பதைப் போல, பாறையும் பல கோண வடிவங்களில் வெடிக்கிறது. குளிர்ச்சி மேற்பரப்பிலிருந்து உள்ளே பரவப் பரவ, வெடிப்பும் உள்ளே நீள்கிறது. இப்படித்தான் தூண் தூணாகப் பாறை உருவாகிறது. குனோங் பாடாங்கின் கற்கள் இவ்வாறு உருவான ஆண்டசைட் வகை எரிமலைப் பாறைகள்.

மனிதர் செய்த வேலை வேறு. கனமான அந்தத் தூண்களை நகர்த்திச் சுவராக அடுக்கினார்கள், மேடையைச் சமப்படுத்தினார்கள், நீள்சதுர அறைகளாக வரிசைப்படுத்தினார்கள். ஆகவே இந்த மலையில் இயற்கையின் வேலையும் மனிதரின் வேலையும் கலந்திருக்கின்றன. எது எதுவெனப் பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வாளரின் முதல் கடமை.

கார்பன் சொன்ன வயது

உயிரினங்கள் வாழும்வரை கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்களைக் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் பெற்றுக்கொண்டே இருக்கும். இறந்த பிறகு புதிய வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளில் பாதியாகும். 11,460 ஆண்டுகளில் கால் பங்காகும். 27,000 ஆண்டுகளில் நூற்றில் சுமார் 4 பங்கே மிஞ்சும். மிஞ்சியதை அளந்தால், அந்த உயிர் எப்போது இறந்தது என்று கணக்கிடலாம்.

ஆய்வாளர்கள் மலையைத் துளையிட்டு ஆழத்திலிருந்து மண்ணை எடுத்தார்கள். அந்த மண்ணில் மக்கிக் கிடந்த தாவரப் பொருளின் வயதை அளந்தார்கள். மண் மிகப் பழமையானது என்று தெரிந்தது. அதிலிருந்து, அந்த ஆழத்தில் உள்ள கல் அடுக்குகளை மனிதர்கள் அந்தக் காலத்தில் கட்டினார்கள் என்று முடிவு செய்தார்கள்.

சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். உங்கள் பள்ளி வளாகத்தில் பல மீட்டர் ஆழம் தோண்டி மண்ணை எடுத்து அளந்தால், அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டு வயது வரலாம். அதனால் உங்கள் பள்ளிக்கு அந்த வயது ஆகிவிடுமா? மண்ணின் வயது கட்டடத்தின் வயதாக வேண்டுமானால், அந்த மண்ணில் மனிதர் இருந்ததற்கான தடயம் வேண்டும்: அடுப்புக்கரி, கல் கருவி, வெட்டுக்காயம் உள்ள எலும்பு, பானை ஓடு. அளக்கப்பட்ட மண்ணோடு அப்படி நம்பத்தக்க தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆய்விதழ் கட்டுரையை மீட்டுக்கொண்டதற்குச் சொன்ன காரணம் இதுவே. கட்டுரையாளர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆயினும், கேட்ட தடயத்தைக் காட்டும் பொறுப்பு அவர்களுடையதே.

2,000 ஆண்டுகள் குறைவா?

மேடைகளில் கிடைத்த பானை ஓடுகளை வைத்து, தொல்லியல் ஆய்வாளர்கள் பலர் இந்த இடத்திற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். ஜாவாவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய கல்வெட்டுகள் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டவை. அதற்கு முந்தைய காலத்தில் அங்கே எழுதி வைத்த பதிவு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அங்கே "வரலாற்றுக்கு முந்தைய காலம்" என்றால் அந்த எழுத்தில்லாத காலம்தான். பனியுகம் என்று பொருள் இல்லை.

எழுத்து இல்லாத மக்களுக்காகப் பேச, அவர்கள் விட்டுச் சென்ற கற்கள் மட்டுமே உண்டு. எந்தக் கல் எதன் மேல் கிடக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் சாட்சியம். யாரும் செய்யாத பிரமிடை அவர்கள் தலையில் ஏற்றினால், இரும்பு இயந்திரம் இன்றி மலையுச்சியில் அவர்கள் உண்மையில் செய்து முடித்த வேலை மறைந்துபோகும்.

நீங்கள் அங்கு சென்றால் பாதையை விட்டு விலகாதீர்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கற்களும் அங்கே உண்டு. ஆசையாக இருந்தாலும் தட்டிப் பார்க்க வேண்டாம். சிறு கல்லையும் இடம் மாற்றாதீர்கள். இன்றும் வழிபட வருவோருக்கு அது புனித இடம். அடுத்த முறை "உலகின் மிகப் பழமையான" என்று தொடங்கும் செய்தியைக் கைப்பேசியில் பார்க்கும்போது, பகிர்வதற்கு முன் ஒன்றை மட்டும் தேடுங்கள்: அவர்கள் வயதை அளந்தது எந்தப் பொருளில்? அந்தப் பொருளில் மனிதரின் கை பட்டிருக்கிறதா?