ஆறடி ஆளு... பதினோரு அடி காரு!

பஸ்ல ஏறினா மேல் கம்பி நெத்தியில இடிக்குதா? க்ளாஸ்ல கடைசி பெஞ்ச்தான்னு தலையில எழுதியாச்சா? குரூப் போட்டோன்னா "டேய் நெட்டை, பின்னாடி போடா"ன்னு துரத்துறாங்களா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான் பாஸ்! உயரம் ஆறடியைத் தாண்டிடுச்சு. ஆனா மனசு போய் உட்கார்ந்திருக்கிறது கைக்குட்டை சைஸ்ல ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மேல. ரெண்டே சீட், கூரை கிடையாது, தரையைத் தடவிக்கிட்டே ஓடும். "உனக்கும் அதுக்கும் ஒத்து வராதுடா"ன்னு ஊரே சொல்லும். அதை அப்படியே நம்பிடாதீங்க. அதுக்காக அலட்சியமாவும் இருக்காதீங்க. இதுல சௌகரியம் பாதி, உயிர் சமாச்சாரம் பாதி.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்குவோம். எம்ஜி மிட்ஜெட். "எம்ஜியா... நம்ம ரோட்டுல பெருசா ஓடுதே, அதுவா?"ன்னு கேட்பீங்க. பேர் அதேதான். 2019-ல இந்தியாவுக்கு வந்தப்போ அந்தப் பேர் சீனாக்காரங்க கையில இருந்தது. ஆனா மிட்ஜெட் பொறந்தது இங்கிலாந்துல ஆபிங்டன்ங்கிற ஊர்ல. 1961-லிருந்து 1979 வரை தயாரானது. இதுக்கு ஒரு அண்ணன் உண்டு, 1958-ல வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். பானெட் மேல ரெண்டு விளக்கும் முழிச்சுக்கிட்டு நிக்கும். அதனால அங்க எல்லாரும் செல்லமா 'தவளைக்கண்'ணுன்னுதான் கூப்பிடுவாங்க.

இப்போ ஒரு ஆச்சரியம். மிட்ஜெட்டோட நீளம் கிட்டத்தட்ட பதினொன்றரை அடி. நம்ம மாருதி 800-ஐ விட அரையடி வரை நீளம்! 800-க்குள்ள அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, மடியில ஒரு கூடைன்னு குடும்பமே போயிருக்கே... இதுல ஒரே ஒரு நெட்டைப் பையன் உட்கார ஏன் இவ்வளவு பாடு?

விஷயம் உட்கார்ற விதத்துல இருக்கு. மாருதில நாம நாற்காலியில உட்கார்ற மாதிரி உட்காருவோம். முட்டி மடங்கும், பாதம் கீழே போகும். கால் நீளத்துல பாதி உயரத்துல கரைஞ்சிடும். ஸ்போர்ட்ஸ் கார்ல தரையில கால் நீட்டி உட்கார்ற மாதிரி. கால் எவ்வளவு நீளமோ, அத்தனைக்கும் முன்னாடி இடம் வேணும். ஆனா முன்னாடி பாதி காரை பானெட் சாப்பிட்டுடுது. கியர் பாக்ஸ் போற டன்னல் பக்கவாட்டுல பாதத்தை நெருக்குது. பின்னாடி தள்ளலாம்னா, சீட்டுக்குப் பின்னாலேயே தடுப்புத் தகடும் பின் சக்கரமும் வந்து நிக்குது. ஆக, உங்களுக்குன்னு ஒதுக்கினது ஒரு தகர டப்பா. அதுக்குள்ளதான் எல்லா வித்தையும்.

எந்த ஆறடி?

"நான் ஆறடி ரெண்டு இன்ச். எனக்கு அந்தக் கார் சேருமா?" இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஏன்னா ஆறடி ரெண்டு இன்ச்ல ரெண்டு ஜாதி உண்டு. ஒருத்தர் ஒட்டகச்சிவிங்கி, கால்தான் நீளம், உட்கார்ந்தா நம்ம உயரம்தான். இன்னொருத்தர் உட்கார்ந்தாலும் தியேட்டர்ல பின்சீட்டுக்காரர் திட்டுவார், உடம்பு நீளம். முதல் ஆளுக்கு முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். ரெண்டாவது ஆளுக்கு கண்ணுக்கு நேரா விண்ட்ஷீல்டோட மேல் சட்டம் வந்து நிக்கும். ரெண்டு பேருக்கும் வைத்தியமே வேற.

நீங்க எந்த ரகம்னு வீட்டுலயே பார்த்துடலாம். சுவர்ல முதுகு ஒட்டி, தரையில கால் நீட்டி உட்காருங்க. தரையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு அளவு. சுவர்லேர்ந்து குதிகால் வரை இன்னொரு அளவு. அதே உயரம் உள்ள ஃப்ரெண்டையும் உட்கார வெச்சு அளந்து பாருங்க. வித்தியாசம் தெரியும்போது ரெண்டு பேரும் முழிப்பீங்க!

இது சும்மா வேடிக்கை இல்ல. 1950-ல அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பைலட்டுகளை அளந்தது. காக்பிட்டை 'சராசரி ஆளுக்கு'ன்னு செஞ்சா எல்லாருக்கும் சேரும்னு ஒரு நம்பிக்கை. கில்பர்ட் டேனியல்ஸ்ங்கிற இளம் ஆராய்ச்சியாளர் பத்து அளவுகளை எடுத்துக்கிட்டு, பத்துலயும் சராசரிக்குப் பக்கத்துல வர்றவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தார். 4,063 பேர்ல ஒருத்தர்கூட இல்ல! உயரம் சராசரின்னா கை நீளம், கை சராசரின்னா இடுப்பு பெருசு. அப்புறம்தான் பைலட்டைத் தேடறதை விட்டுட்டு சீட்டையும் பெடலையும் நகர்ற மாதிரி செய்யணும்ங்கிற எண்ணம் வலுத்தது. ஆனா நம்ம குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள்ல நகர்த்த இடமே கம்மி. ஸோ, அந்த வேலை உங்க தலையில.

கம்பெனியே ஒத்துக்கிட்ட கதை

'நான் வளர்ந்தது என் தப்பு'ன்னு ஃபீல் பண்றீங்களா? வேண்டாம். 1961-ல ஜாகுவார் இ-டைப் வந்தப்போ உலகமே வாயைப் பிளந்தது. அவ்வளவு அழகு. ஆனா உள்ளே தரை தட்டை. நெட்டையானவங்க பாதத்தை வைக்கத் தடுமாறினாங்க. அடுத்த வருஷமே பாதம் படற இடத்துல தரையைப் பள்ளமாக்கி, சீட் பின்னாடி போக வழி பண்ணிக் கொடுத்தாங்க. இதுல தமாஷ் என்னன்னா, அந்த வசதி இல்லாத 'தட்டைத் தரை' கார்களுக்குத்தான் இன்னிக்கு சேகரிப்பாளர்கள்கிட்ட மவுசு ஜாஸ்தி. கால் வலிக்கு விலை!

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்திருப்பீங்க. அது 1966 லெ மான்ஸ் ரேஸ் கதை. எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த வருஷம் நடந்தது. ஃபோர்டு ஜிடி40-ல 'நாற்பது'ங்கிறது காரோட உயரம், நாற்பது இன்ச்! அந்தக் குடும்பத்தோட மார்க் ஃபோர் காரை ஓட்ட வந்தவர் டான் கர்னி. ஆறடி மூணு இன்ச்சுக்குக் குறையாத ஆள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தா தலை கூரையில இடிக்குது. "வேற டிரைவரைப் பாருங்க"ன்னு யாரும் சொல்லல. தலைக்கு மேல கூரையைக் குமிழ் மாதிரி புடைக்க வெச்சுட்டாங்க. அந்தக் குமிழோடவே கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் 24 மணி நேரத்துல 388 சுற்று ஓட்டி ஜெயிச்சாங்க. மேடையில ஷாம்பெய்ன் பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலயும் பீய்ச்சினாரே... ரேஸ் மேடைகள்ல இன்னிவரைக்கும் தொடர்ற அந்தப் பழக்கம் அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். அந்தக் கூரைப் புடைப்புக்கு இன்னிக்கும் பேர் 'கர்னி பபிள்'.

எங்கே கை வைக்கறது?

கூரையைப் புடைக்க வைக்க நமக்கு வசதி இல்ல. ஆனா சீட் இருக்கே! பழைய கார் சீட்டுக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச்தான் முதல் புதையல். அதை எடுத்துட்டு, கெட்டியான மெல்லிய ஸ்பாஞ்ச் வெச்சுத் தைக்கச் சொன்னா ஒண்ணு, ஒன்றரை இன்ச் தலை கீழே இறங்கும். குஷன் வேலை தெரிஞ்ச யாராலயும் முடியும். 'மொத்தமா எடுத்துட்டு தகட்டு மேலயே உட்காரலாமே'ன்னு ஆசைப்படாதீங்க. ஒரு குழியில இறங்கினா முதுகெலும்பு பதில் சொல்லும்.

அடுத்தது, சீட் முன்னும் பின்னும் ஓடற தண்டவாளம். அதை எடுத்துட்டு சீட்டை நேரா தரையில போல்ட் போட்டா இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனா அப்புறம் அந்த சீட் நகராது. தங்கச்சி ஓட்டணும்னு கேட்டா ஸ்பேனர் எடுக்கணும். இந்த வேலையிலயே ஒரு நுணுக்கம்: சீட்டோட முன் பக்கத்துல வாஷர் அடுக்கி லேசா தூக்கி விடுங்க. நெட்டைக்காரங்க தொடை அந்தரத்துல தொங்கறதுதான் ஒரு மணி நேரத்துல இடுப்பு கழர்றதுக்குக் காரணம். தொடைக்கு முட்டு கிடைச்சா பாதி வலி போச்சு. என்னைக் கேட்டா, தலை இடிக்கிறதைவிட மோசமான பிரச்னை இதுதான். தலை இடிச்சா உடனே தெரியும். இது வீட்டுக்கு வந்தப்புறம் தெரியும்.

முட்டி இடிக்கிற ஒட்டகச்சிவிங்கிகளுக்கு, ஸ்டியரிங்கை மாத்துறதுதான் மருந்து. அந்தக் கால ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டை விடப் பெருசு. பதிமூணு, பதினாலு இன்ச்ல சின்னதா போட்டா தொடைக்கும் வளையத்துக்கும் நடுவுல காத்து வரும். பவர் ஸ்டியரிங் இல்லாத கார்ல சின்ன வளையம்னா பார்க்கிங்ல தோள் வலிக்கும்தான். மிட்ஜெட் எடை கம்மி, சமாளிச்சிடலாம். ஸ்பீடாமீட்டரை வளையம் மறைக்குதான்னு மட்டும் பார்த்துக்குங்க.

பெடல்? அது ஷூவோட பாடு. கிளட்ச்சும் பிரேக்கும் ஒட்டிக்கிட்டு நிக்கும். பதினொண்ணாம் நம்பர் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கிட்டுப் போனா ஒரே மிதியில ரெண்டும் போகும். மெல்லிய அடி, ஒடுக்கமான ஷூ ஒண்ணு கார்லயே கிடக்கட்டும்.

உயிர் விஷயம்

இது வரைக்கும் சொன்னது சௌகரியம். இனி சொல்றதுல விளையாட்டே கிடையாது. கார் நிக்கும்போதே ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு வெச்சுக்கிட்டு, ஆக்சிலரேட்டர்லேர்ந்து பிரேக்குக்குக் காலை மாத்திப் பாருங்க. மறுபக்கம் ஒடிச்சும் பாருங்க. முட்டி எங்கயாவது வளையத்துல மாட்டுச்சுன்னா, அந்தக் காரை அந்த நிலையில ரோட்டுக்கு எடுக்காதீங்க. திருப்பத்துல குறுக்கே ஒரு ஆடு வந்தா கால் மாட்டிக்கும். அவ்வளவுதான்.

கார் குடைசாய்ஞ்சா தலையைக் காப்பாத்தறதுக்குன்னு சீட்டுக்குப் பின்னாடி ஒரு வளைஞ்ச இரும்புக் குழாய் போடுவாங்க, ரோல் பார். ரேஸ் டிராக்ல அதுக்கு ஒரு எளிமையான சோதனை இருக்கு. ரோல் பார் உச்சியிலேர்ந்து விண்ட்ஷீல்டு சட்டம் வரைக்கும் ஒரு துடைப்பக் கட்டையைச் சாய்ச்சு வைப்பாங்க. ஹெல்மெட் அந்தக் கட்டைக்கு ரெண்டு இன்ச்சாவது கீழே இருக்கணும். நெட்டையர்கள் நிறைய பேர் தோத்துப்போற பரீட்சை இது. இதுல கொடுமை, குட்டிக் கார்ல அதே ரோல் பார் சீட் பின்னாடி போறதையும் தடுக்கும். தலையைக் காப்பாத்தப் போய் முட்டி மாட்டும்! அதனாலதான் முதல்ல சீட்டை எவ்வளவு இறக்க முடியும்னு பார்த்துட்டு, அப்புறம் ரோல் பாரைத் தேர்ந்தெடுக்கணும். தலை படக்கூடிய இடத்துல கெட்டியான உறையும் கட்டாயம்.

தோள் பெல்ட்டையும் கவனிங்க. பின்னாடி அது மாட்டியிருக்கிற இடம் உங்க தோளை விட ரொம்பக் கீழே இருந்தா, மோதும்போது பெல்ட் உங்களைப் பிடிக்காது, கீழ்நோக்கி அமுக்கும். சீட்டை இறக்கினா இதுவும் கொஞ்சம் சரியாகும்.

இவ்வளவு பண்ணியும் சேரலைன்னா காரை மாத்துங்க, தப்பில்ல. உங்க தாத்தாகிட்ட 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'ன்னு சொல்லிப் பாருங்க, கண்ணு மின்னும். 1961-லிருந்து சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் தயாரான கார். அது பிரிட்டனோட டிரையம்ஃப் ஹெரால்டுக்கு நம்ம ஊர் அவதாரம். அதே ஹெரால்டு சேஸிஸ்ல, முன் பின் சக்கரங்களுக்கு நடுவுல எட்டரை இன்ச் குறைச்சு 1962-ல பண்ணினதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். சுருக்கியும் அதுல மிட்ஜெட்டை விடக் கால் நீட்ட இடம் உண்டு. லோட்டஸ் செவன் பரம்பரையில வர்ற கேட்டர்ஹாம் கார்லயும், பெரிய உடம்புக்காரங்களுக்குன்னே 11 சென்டிமீட்டர் அகலம் கூட்டி 'எஸ்வி'ன்னு ஒரு ரகம் வந்தது.

எந்தக் காரா இருந்தாலும் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் உள்ளே உட்காருங்க. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா எல்லாக் காரும் சொர்க்கம்தான். துணிக்கூரையை மூடிப் பாருங்க. சிக்னல் விளக்கு தெரியற மாதிரி குனியாம இருக்க முடியுதான்னும் பாருங்க.

அப்புறம் இறங்கற வித்தை. முதல்ல வலது காலைத் தூக்கி வெளியே வைங்க. ஒரு கை கதவுப் படியில, தேவைப்பட்டா இன்னொரு கை ரோட்டுல ஊனி, உடம்பை வெளியே உருட்டி, மெதுவா நிமிருங்க. பார்க்க நண்டு வளையை விட்டு வர்ற மாதிரி இருக்கும். அதனால காலேஜ் கேட்டுக்கு நேரா நிறுத்தாதீங்க. கொஞ்சம் தள்ளி, மரத்துக்குப் பின்னாடி நிறுத்துங்க.