அடைமழையில் சைக்கிள் படும் பாடு

குளிர்நாடுகளில் சைக்கிளைத் தின்பது பனியன்று. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பே. ஜொகூர் பாருவில் பனியும் இல்லை, அந்த உப்பும் இல்லை. ஆயினும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்குள்ள சைக்கிளும் அதே கதியை அடைகிறது. உப்பின் வேலையை இங்கே செம்மண் செய்கிறது.

இப்பருவத்தில் சைக்கிள்கள் பட்ட பாட்டுக்குப் பெரிய சான்று போர்க்காலத்தில் உண்டு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் இறங்கிய ஜப்பானியப் படை, 55 நாட்களில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் கடந்து 1942 ஜனவரி 31-இல் ஜொகூர் பாருவை எட்டியது. டிவிஷன் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் இருந்தன என்றும், கம்பெனிதோறும் பழுதுபார்ப்போர் குறைந்தது இருவர் உடன்சென்றனர் என்றும் அப்படையின் திட்ட அதிகாரி சுஜி மசனோபு எழுதியுள்ளார். சூட்டில் டயர் வெடித்தபோது வீரர்கள் வெறும் ரிம்மின் மேலேயே ஓட்டினர். அவ்விரைச்சலை எதிரிகள் டாங்கி என்று மயங்கினராம். போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் மிகுதியாக விற்பனையானதால், உதிரிப் பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. பறித்ததைக் ‘கிடைத்தது’ என்பது படையினர் இலக்கணம்!

தோட்டத்திலிருந்து நாள்தோறும் வேலைக்கோ பள்ளிக்கோ சைக்கிளில் செல்பவருக்குப் பழுதுபார்க்கும் குழு ஏது? முதலில் கெடுவது சங்கிலி. சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்பர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கணுக்களுக்குள் இருக்கும் ஆணிகள் தேய்கின்றன. மழைநீர் எண்ணெயைக் கழுவிவிட, சேற்றிலுள்ள நுண்மணல் உள்ளே புகுந்து அரம்போல் அராவுகிறது. கணு ஒன்றுக்கு அரை அங்குலம். ஆகவே 24 கணுக்கள் 12 அங்குலம் இருக்கவேண்டும். அதில் எட்டில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. விட்டுவைத்தால் பற்சக்கரங்களையும் கெடுக்கும். சேற்றின் மேலேயே எண்ணெய் ஊற்றுவது பலர் வழக்கம். அது மணலை உள்ளே அழைப்பதாகும். துடைத்து, உலரவிட்டு, பின்னரே கணுவுக்கு ஒரு துளி இடவேண்டும்.

டயரும் தப்புவதில்லை. நனைந்த ரப்பர் எளிதில் அறுபடும். கண்ணாடிச் சில்லும் கூர்ங்கல்லும் நீரால் வழுக்கி ஆழ இறங்குகின்றன.

ஓட்டுபவர் நிலை என்ன? இங்கே வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. எனினும் விடியற்காலை மழையில் விரல்கள் விறைக்கின்றன. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையில் காற்றுப் படும்போது அவ்வெப்பத்தில் பெரும்பகுதி உடலிலிருந்தே போகிறது. மழைக்கோட்டு அணிந்தாலும் உள்ளே வியர்வை நனைக்கிறது.

விறைத்த விரல்கள் அழுத்தவேண்டியதோ பிரேக்கை! ஆபத்து இங்கேதான். முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால், ரப்பர்க் கட்டை தன் பிடிப்பில் பெரும்பகுதியை இழக்கிறது. சக்கரம் பல சுற்றுகள் சுழன்று நீர் வழிக்கப்பட்ட பின்னரே பிடிப்பு ஓரளவு திரும்பும். தோட்டச் சாலை சரிந்து பெருஞ்சாலையில் சேருமிடத்தில், லாரி வரும்போது, அத்தனை சுற்றுக்கு இடம் இராது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது இதையே: இறக்கத்தின் தலைப்பிலேயே இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்தி ரிம்மைத் துடைத்தபடி வரவேண்டும். அலுமினிய ரிம் இதில் எஃகைவிட மேல். சங்கிலி தேய்ந்தால் கடையில் வாங்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளிலும், பிரேக் கட்டை மட்டும் மழைக்கு முன்பே மாற்றப்பட வேண்டும். சரிவு மிகுந்தால் இறங்கி உருட்டிச் செல்லவேண்டும்.