மேடையும் பல்கலையும் – 9: அப்பா நட்சத்திரம், மகன் மாணவன்

யேல் பல்கலைக்கழகத்தை விட்டு ராபர்ட் புரூஸ்டீன் கிளம்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1966-இல் அவர் தொடங்கிய யேல் ரெப்பர்ட்டரி தியேட்டர், நியூ ஹேவன் நகரின் சேப்பல் தெருவும் யார்க் தெருவும் சந்திக்கும் முனையில், ஒரு பழைய பாப்டிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஐந்நூறுக்கும் குறைவான இருக்கைகள். 1979-இல் அந்தப் பொறுப்புக்கு லாயிட் ரிச்சர்ட்ஸ் வந்தார்.

பொறுப்பு ஒன்றல்ல, இரண்டு. யேலில் நாடகப் பள்ளிக்கு யார் தலைவரோ அவரே நாடகக் குழுவுக்கும் கலை இயக்குநர். மருத்துவக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, நாடகப் பள்ளிக்கு இந்தக் குழு அப்படி. ஊதியம் வாங்கும் தொழில்முறை நடிகர்களோடு மாணவர்களும் ஒரே மேடையில் நடிப்பார்கள். ஒளியமைப்பு, உடை, அரங்க நிர்மாணம், மேடை நிர்வாகம் என்று திரைக்குப் பின்னால் எங்கே பார்த்தாலும் மாணவர்கள் இருப்பார்கள். டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிற ஊர்க்காரருக்கு யார் மாணவர், யார் தொழில்முறைக்காரர் என்ற கவலை கிடையாது. நாடகம் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிச்சர்ட்ஸ் ஏற்கெனவே பேர் பெற்றவர். லோரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959-இல் பிராட்வேக்கு வந்தபோது இயக்கியவர் அவர். ஒரு கறுப்பினப் பெண் எழுதி பிராட்வே ஏறிய முதல் நாடகம் அது. கனெடிகட் மாநிலத்திலேயே இருக்கும் ஓ’நீல் மையத்தில் புதிய நாடகாசிரியர்களுக்காகக் கோடைதோறும் நடந்த முகாமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே வந்து குவிந்த பிரதிகளிலிருந்துதான் ஆகஸ்ட் வில்சனைக் கண்டெடுத்தார்.

வில்சன் பிட்ஸ்பர்க்காரர். பதினைந்து வயதில் நெப்போலியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். இதை நீ எழுதியிருக்க மாட்டாய் என்று ஆசிரியர் சந்தேகப்பட, பள்ளிக்கு முழுக்குப் போட்டார். மீதிப் படிப்பெல்லாம் பொது நூலகத்தில். ஓ’நீல் மையத்துக்கு அவர் முன்பு அனுப்பிய நாடகங்கள் தேர்வாகவில்லை. அவரும் விடவில்லை. 1982-இல் ‘மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்’ தேர்வானது. 1984 ஏப்ரலில் யேலில் அரங்கேறியது, அக்டோபரில் பிராட்வே போய்விட்டது.

அதில் லெவீ என்ற எக்காளக் கலைஞனாக நடித்தவர் சார்லஸ் டட்டன். இளம் வயதில் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். தனிச்சிறையில் அடைத்தபோது கையில் இருந்த புத்தகம் கறுப்பின நாடகாசிரியர்களின் தொகுப்பு ஒன்று. அதைப் படித்ததில் நாடகப் பித்துப் பிடித்து, சிறைக்குள்ளேயே குழு சேர்த்து நடித்து, வெளியே வந்து கல்லூரியில் சேர்ந்து, பிறகு யேல் நாடகப் பள்ளி வரை வந்தார். அங்கே படித்து முடித்த மறு வருஷமே அவருக்கு லெவீ கிடைத்தான். பள்ளியைப் பாதியில் விட்டவர் எழுதிய நாடகத்தில் சிறையிலிருந்து வந்தவர் நடிக்க, அமெரிக்காவின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகம் ஒன்று மேடை தந்தது. ரிச்சர்ட்ஸ் அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1985-இல் ‘ஃபென்சஸ்’. நாடகம் நடப்பது பிட்ஸ்பர்க்கில், ஒரு வீட்டு முற்றத்தில். பாதி கட்டிய வேலி. மரக்கிளையில் தொங்கும் கந்தல் பந்து. மரத்தில் சாய்த்து வைத்த பேஸ்பால் மட்டை. வீட்டுக்காரன் டிராய், குப்பை வண்டியில் வேலை. இளமையில் பெரிய ஆட்டக்காரன். கறுப்பர்களுக்குப் பெரிய அணிகள் கதவு திறக்காத காலம், அதனால் அந்த வாழ்க்கை கிடைக்காமல் போனது. மகன் கோரிக்குக் கால்பந்து ஆடிக் கல்லூரிக்குப் போக வாய்ப்பு வருகிறது. அப்பா மறிக்கிறார். உங்களுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதா என்று மகன் கேட்கும் ஒரு காட்சி உண்டு. பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, சோறு போடுவது என் கடமை, போடுகிறேன் என்கிற தோரணையில் அப்பா பொரிந்து தள்ளுவார். அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் பயம் மகனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

யேலில் அந்த அப்பா ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ டார்த் வேடரின் குரலை உலகமே அறிந்திருந்த நேரம். மகனாக நடித்த கோர்ட்னி வான்ஸ் அப்போது நாடகப் பள்ளி மாணவர்! இரவு தோறும் அந்த மலைக்கு எதிரே நின்று, நெஞ்சை நிமிர்த்தி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். எந்த வகுப்பறையும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இருவரும் 1987-இல் பிராட்வேயிலும் அதே வேடங்களில் நடித்தார்கள். நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு. டோனி விருதுகளில் சிறந்த நாடகம், சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் மூன்றும் இதற்கே.

விருதுகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது யேலுக்கும் பிராட்வேக்கும் நடுவில் கழிந்த காலம். ஓ’நீல் மையத்தில் படித்துக் காட்டியபோது ‘ஃபென்சஸ்’ நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வில்சன் வெட்டினார், திருத்தினார். யேலில் ஆடியபின் சிகாகோவிலும் ஆடினார்கள். இதைப் பிந்தைய நாடகங்களுக்கும் வழக்கமாக்கிக்கொண்டார் ரிச்சர்ட்ஸ். ‘த பியானோ லெசன்’ 1987-இல் யேலில் அரங்கேறி, பாஸ்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கிய ஹண்டிங்டன் தியேட்டர் உட்படப் பல ஊர்களைச் சுற்றி, 1990-இல் பிராட்வே வந்தபோது அதன் முடிவே மாறியிருந்தது. அதற்கும் புலிட்சர். முதல் இரவே லாபம் காட்டியாக வேண்டிய வியாபாரக் கொட்டகையில் எந்த ஆசிரியருக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்கும்? பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்தது அந்த அவகாசத்தைத்தான்.

‘த பியானோ லெசன்’ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளை முதலாளி தன் அடிமைகளில் ஒரு தாயையும் சிறு மகனையும் கொடுத்து, பதிலுக்கு மனைவிக்கு வாங்கிய பியானோ அது. பிரிந்து போனவர்களின் முகங்களை அதன் மரத்தில் செதுக்கி வைக்கிறான் அந்தத் தாயின் கணவன். இந்த நாடகம் பிறந்த பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து போனது அவர் கொடை. அவர் ஆண்ட காலத்தில் நம் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே அதன் மேடை அந்தக் கணக்கைத் திறந்துவிட்டது என்பேன்.

ரிச்சர்ட்ஸ் 1991-இல் விலகினார். அந்த ஆண்டு குழுவுக்கு வட்டார அரங்குக்கான டோனி விருது கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக வில்சன் எழுதிய பத்து நாடகங்களில் ஆறு யேலில்தான் முதலில் அரங்கேறின. கடைசி நாடகம் ‘ரேடியோ கோல்ஃப்’ 2005-இல் அங்கே மேடையேறிய சில மாதங்களில் வில்சன் காலமானார். ரிச்சர்ட்ஸ் மறு ஆண்டு. 2021-இல் டேவிட் கெஃபன் தந்த 15 கோடி டாலர் கொடையால் நாடகப் பள்ளியில் இப்போது கல்விக் கட்டணம் கிடையாது. டட்டனைப் போல இன்னொருவர் வந்தால் பணம் குறுக்கே நிற்காது.

‘ஃபென்சஸ்’ 2016-இல் டென்சல் வாஷிங்டன் இயக்கத்தில் படமாகி, வயோலா டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. ‘மா ரெய்னி’யும் ‘த பியானோ லெசன்’னும் நெட்ஃபிளிக்ஸில் இருக்கின்றன. அடுத்த வாரம் புரூஸ்டீனைத் தேடி ஹார்வர்டு போகிறோம். அதற்குள் இந்த மூன்றில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். முதலில் ‘ஃபென்சஸ்’ பாருங்கள்.

(தொடரும்)