சான்றிதழ் மட்டும் போதுமா? பூனைக்குட்டிகளின் நலம் காப்போம்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, கிள்ளான் தாமான்களிலும் சரி, பெர்சியன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற உயர்ரகப் பூனைகளை வளர்ப்போர் உண்டு. "ஓர் ஈற்றில் பிறந்த கடுவனும் பெட்டையும் இருக்கின்றன. இரண்டுக்கும் வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறது. சேர்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே.

காரணம் எளிது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரட்டையாக வருகிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால், பல நோய்கள் வெளியே தெரிவதில்லை. இரண்டுமே பழுதானால் நோய் தலைகாட்டும். தலசீமியா இப்படித்தான் பரவுகிறது. நம் நாட்டில் 2016-இல் பள்ளி மாணவர்களுக்கு அதற்கான பரிசோதனை தொடங்கப்பட்டதை அறிவீர்கள்.

ஒரே மூதாதையின் மரபணு இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, அத்தை மகன் - மாமன் மகள் உறவில் 6.25 விழுக்காடு, தாய்மாமன் - அக்காள் மகள் உறவில் 12.5 விழுக்காடு. உடன்பிறந்த பூனைகளைச் சேர்த்தால் அது 25 விழுக்காடாகிறது. தலைமுறைதோறும் இதையே செய்தால் குட்டிகளின் எண்ணிக்கை குறையும். இறந்து பிறப்பவை கூடும். நோய் எதிர்ப்பு சக்தி தளரும்.

நமக்கு அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1991-இல் சிங்கப்பூரின் சுற்றுலாச் சின்னமாக்கப்பட்ட சிங்கப்பூரா இனம், 1975-இல் ஓர் அமெரிக்கத் தம்பதியர் அந்நாட்டிலிருந்து கொண்டு சென்ற 3 பூனைகளிலிருந்து தொடங்கியது. 2008-இல் வெளியான மரபணு ஆய்வில், மரபணு வேறுபாடு மிகக் குறைந்த இனங்களுள் பர்மியப் பூனையோடு இதுவும் இடம்பெற்றது. சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தச்சோகை தரும் பரம்பரை நோயும், பிரசவத்தின்போது கருப்பை போதிய வலுவோடு சுருங்காத சிக்கலும் இவ்வினத்தில் காணப்படுகின்றன.

சான்றிதழ் இனத்தூய்மைக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு அல்ல. ஆகவே, சேர்க்குமுன் இரு சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாட்டன், முப்பாட்டன் வரிசையில் ஒரே பெயர் இருபக்கமும் வந்தால் வேறு கடுவனைத் தேடுங்கள்.

உறவில்லாத ஜோடிக்கும் பரிசோதனை தேவை. பெர்சியன் பூனைகளின் சிறுநீரகக் கட்டி நோய், பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு வரக்கூடும். அதற்கான மரபணுச் சோதனை 2004 முதல் உண்டு. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பூனைகளுக்கு இரத்த வகையும் பார்க்க வேண்டும். 'பி' வகைப் பெட்டையை 'ஏ' வகைக் கடுவனோடு சேர்த்தால், 'ஏ' வகைக் குட்டிகளுக்குத் தாயின் சீம்பாலே நஞ்சாகும். நன்றாகப் பிறந்த குட்டிகள் சில நாள்களிலேயே மடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை குறைந்தால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

இறுதியாக ஒன்று. பெட்டைக் குட்டி 4 மாதத்திலேயே பருவமடையக்கூடும். அண்ணன் தங்கை என்பதெல்லாம் பூனைக்குத் தெரியாது. அதற்குள் பிரித்து வையுங்கள். அல்லது மருத்துவரைக் கலந்து கருத்தடை செய்துவிடுங்கள். பூனை அறியாததை நாம்தான் அறிந்து நடக்க வேண்டும்.