காலை நம்பி வெளிநாடு போனவர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் போயிருக்கிறீர்களா? தேங்காய் உடையும் சத்தம் அங்கே ஓயாது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். கொத்தனார் போகிறார். டிரைவர் போகிறார். நர்ஸ் போகிறார்.

எங்கள் வகுப்புக்கு ஒரு அக்கா வருகிறார். சாலைக் கடைத்தெருவில் வாழையிலை விற்கிறவர். ஒரு நாள் என்னிடம் கேட்டார்:

"தம்பி, பந்து விளையாடுறவனுக்கும் விசா குடுப்பாங்களா? எம் பையன் அதையே சொல்லிட்டுத் திரியறான்."

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கொடுப்பார்கள். பந்து விளையாடுவதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்குப் போன ஒருவரின் கதையை அன்று சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் பாய்ச்சுங் பூட்டியா. இமயமலை அடிவாரத்தில் சிக்கிம் மாநிலம் இருக்கிறது. அங்கே டிங்கிட்டாம் என்ற சின்னக் கிராமத்தில் 1976இல் பிறந்தார். பெற்றோர் விவசாயிகள். நன்றாகப் பந்து ஆடியதால் சிறு வயதிலேயே உதவித்தொகை கிடைத்தது. காங்டாக் நகரில் தங்கிப் படித்தார். 1993இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு 16 வயது.

இந்தியாவில் பெயர் வாங்கிய பிறகு இங்கிலாந்து போக ஆசைப்பட்டார். அங்கே எடுத்தவுடன் வேலை தரமாட்டார்கள். முதலில் சோதனை ஆட்டம். நாம் கொத்தனாரை ஒரு நாள் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான். புல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா ஆகிய மூன்று கிளப்புகளில் ஆடிக் காட்டினார். மூன்றும் எடுக்கவில்லை.

நான்காவதாக பரி என்ற கிளப் எடுத்தது. பரி, மான்செஸ்டர் பக்கத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் துணி ஆலைகள் நிறைந்திருந்தது. அந்தக் கிளப் அப்போது மூன்றாம் படியில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் பெரிய கிளப்புகள் 92 உண்டு. அவை நான்கு படிகளாக இருக்கும். நன்றாக ஆடினால் மேல்படிக்குப் போகலாம். தோற்றால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும்.

பூட்டியா மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பியக் கிளப் ஒன்றுடன் ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர் அவர்தான். அவருக்கு முன் 1936இல் கல்கத்தாக்காரர் முகமது சலீம் ஸ்காட்லாந்து போய், செல்டிக் கிளப்புக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். காலில் பூட்ஸ் இல்லை. துணிக்கட்டு மட்டும்தான்! ஆனால் அவர் அங்கே தங்கவில்லை.

ஒப்பந்தம் இருந்தும் பூட்டியாவுக்கு விசா உடனே வரவில்லை. ஒருவழியாக 1999 அக்டோபர் 3ஆம் தேதி முதல் ஆட்டத்தில் இறங்கினார்.

விசா விஷயத்தில் இன்னொருவர் கதையும் உண்டு. 2009இல் சுனில் சேத்ரி என்ற வீரரை லண்டன் கிளப் ஒன்று எடுத்தது. ஆனால் பிரிட்டன் அரசு வேலை அனுமதி தரவில்லை. ஏன்? கால்பந்தில் உலக நாடுகளுக்கு வரிசை எண் உண்டு. முதல் 70 இடத்துக்குள் உள்ள நாட்டு வீரருக்குத்தான் அனுமதி என்பது அன்றைய விதி. இந்தியா அதற்கு வெகு கீழே இருந்தது. சேத்ரியின் காலில் குறை இல்லை. நாட்டின் வரிசை எண்தான் குறுக்கே நின்றது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மறுபடி பூட்டியாவிடம் வருவோம். இங்கிலாந்தில் குளிர், மழை, ஈரத்தரை. நெடுநெடுவென்று வளர்ந்த எதிராளிகள். முதல் கோல் அடிக்க 2000 ஏப்ரல் வரை ஆனது. பரிக்காக லீக் ஆட்டங்களில் 37 முறை இறங்கினார். 3 கோல் அடித்தார். இது குறைவுதான். மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் ஆண்டில் முழங்கால் கெட்டது. அந்த ஆண்டு மூன்றே ஆட்டம் ஆடினார். கிளப்பும் தோற்றுக் கீழ்ப்படிக்கு இறங்கியது. 2002இல் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. ஊர் திரும்பினார்.

"கால் போனா சம்பளம் உண்டா?" என்று அக்கா கேட்டார்.

அது ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா, தங்க இடமும் விமான டிக்கெட்டும் யார் தருவது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். நாடு விட்டு நாடு ஆடப் போகிறவருக்கு இன்னொரு சான்றும் தேவை. பழைய நாட்டின் கால்பந்து சங்கம் புதிய நாட்டின் சங்கத்துக்கு அதை அனுப்பும்.

பூட்டியா ஓய்ந்துவிடவில்லை. 2003இல் மலேசியாவின் பேராக் கிளப்பில் சில காலம் ஆடினார். அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்காக இந்தோனேசியா போனார். ஆசியான் கோப்பையை வென்று வந்தார்கள். 2005இல் மலேசியாவின் சிலாங்கூரில் இன்னொரு கிளப்புக்கு ஆடினார். அது 'இரவல்' முறை. நாம் பக்கத்து வீட்டு ஏணியை இரவல் வாங்குவதுபோல ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடம் ஆட்டக்காரரை வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பும். 2011இல் இந்திய அணியிலிருந்து விலகினார்.

பரி கிளப் என்ன ஆயிற்று தெரியுமா? பணச் சிக்கலால் 2019இல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஆட்டக்காரர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். மகனுக்கு ஒரு ஏஜென்ட் கொடுத்தது. நல்ல வேளை, தமிழில் இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். கால் மணி நேரம் ஆனது. நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.

கிளப் பெயர் எங்கே என்று தேடினார். இல்லை. சம்பளம் என்ற சொல்லைத் தேடினார். அதுவும் இல்லை. 'முன்பணம்' என்ற சொல் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது. அக்கா அதைப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டார். நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதை அவன்கிட்டயே படிக்கச் சொல்றேன்" என்றார்.