இணையத்தில் ஒரு வாயிற்காவலன்

மும்பையிலும் தில்லியிலும் வாழும் நாம் ஊர்ச் செய்தியைப் படிப்பதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும் இன்று இணையத்தின் வாயிலாகவே. நாம் படிக்கும் பக்கத்தில் இடம்பெறும் விளம்பர நிறுவனங்களோ, ‘குக்கி’ என்னும் சிறு அடையாளக் குறிப்பை நம் கணினியில் இட்டு, செல்லுமிடமெல்லாம் நம்மைப் பின்தொடர்கின்றன.

இதனைத் தடுக்கவல்லது வடிகட்டும் பிராக்சி. உலாவிக்கும் இணையத்துக்கும் இடையே நின்று விளம்பரங்களையும் குக்கிகளையும் அது விலக்குகிறது. எப்பக்கத்திலிருந்து வந்தோம் என்னும் செய்தியையும் மறைக்கிறது. நம் கணினியிலேயே இயங்கும் ‘பிரிவாக்ஸி’ என்னும் இலவச மென்பொருள் இவ்வகையினது.

எனினும் அதன் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். இன்றைய தளங்களுள் பெரும்பாலானவை மறையீடு செய்யப்பட்டே வருகின்றன. 2020-இல் வெளிவந்த 3.0.29 பதிப்பு முதல் உள்ள வசதியைத் தனியே அமைத்தாலன்றி, அவற்றின் உள்ளே அது நோக்கவியலாது. தளத்தின் பெயரைக் கொண்டே தடுக்கும். நம் இணைய முகவரியையும் அது தானாக மறைப்பதில்லை.

முகவரியை மறைக்க விழைந்து, அறியாதார் நடத்தும் இலவசப் பிராக்சியை நாடுவோர் உளர். அங்கே நாம் செல்லும் தளங்களின் பெயர்கள் யாவும் அதனை நடத்துவோர் கண்ணில் படும்; மறையீடு இல்லாத பக்கமாயின், நாம் எழுதுவதும் படும். ஆகவே, காவலனை நம் கணினியிலேயே அமர்த்திக்கொள்வதே நலம்.