மொனிட்டரை மாற்றுவதற்கு முன் கோளாறு எங்கே என்று பாருங்கள்

பில் போடுவதற்கும், கடன் கணக்கு வைப்பதற்கும், கமெராப் பதிவுகளைப் பார்ப்பதற்கும் இன்று சிறிய கடைகளிலும் ஒரு கணனி இருக்கின்றது. பகலில் கடைக் கணக்கு, இரவில் பிள்ளைகளின் பாடம் என ஒரே கணனி கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து உழைப்பதும் உண்டு. அதன் திரையில் கோடு விழுந்தாலோ, படம் துடித்தாலோ, வீடியோ இடையில் நின்றாலோ நம்மில் பலர் "மொனிட்டர் போய்விட்டது" என்று முடிவு கட்டி விடுகின்றனர். புதிதாக வாங்கிய மொனிட்டரிலும் அதே கோடு விழும்போதுதான் பணம் வீணானது விளங்குகின்றது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. கணனி உதிரிப்பாகங்கள் இறக்குமதியாகும் பொருட்கள். எனவே பழுதில்லாத ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது முன்னரை விடப் பெரிய நட்டமாகும். கோளாறு எங்கே என்று பிரித்தறியப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

திரையா, கணனியா?

முதலில் மொனிட்டரையும் கணனியையும் இணைக்கும் வயரைக் கழற்றுங்கள். மின்சார வயர் இருக்கட்டும். அப்போது இணைப்பு இல்லை என்று மொனிட்டரே ஓர் அறிவிப்பைக் காட்டும். கோடு அப்போதும் அதே இடத்தில் நின்றால் கோளாறு மொனிட்டரில்தான். கோடு மறைந்தால் மொனிட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது எனலாம்.

இரண்டாவதாக, கோளாறு தெரியும் நேரத்தில் கீபோர்டில் உள்ள ‘பிரின்ட் ஸ்கிரீன்’ விசையை அழுத்தி, அந்தப் படத்தை ‘பெயின்ட்’ மென்பொருளில் ஒட்டிச் சேமித்து, உங்கள் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியிலும் அதே சிதைவு தெரிந்தால் கோளாறு கணனிக்குள் இருக்கின்றது. கைபேசியில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வயரிலோ மொனிட்டரிலோ தேடவேண்டும்.

மூன்றாவதாக, வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருந்தால் கணனியை அதனுடன் இணைத்துப் பாருங்கள். இந்த மூன்று சோதனைகளுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

வயரும் மின்சாரமும்

பழைய மொனிட்டர்களில் இரு பக்கமும் திருகாணி உள்ள நீல நிற வி.ஜி.ஏ. வயர் இருக்கும். அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தனித்தனிக் கம்பிகளில் கொண்டு செல்கின்றது. திரை முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தால் நீல நிறம் வரவில்லை என்பது பொருள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. வயரின் முனையில் 15 ஊசிகள் வரை இருக்கும். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் இது நேரும். இதற்குத் தேவை புதிய வயர் மட்டுமே.

குளிரூட்டி உள்ள கடைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரீசர் ஓடத் தொடங்கும் அதே கணத்தில் திரை துடிக்கின்றதா என்று பாருங்கள். துடித்தால் குறை மின்சாரத்தில் இருக்கலாம். பிரீசரையும் கணனியையும் ஒரே மல்டி பிளக்கில் போடுவதைத் தவிருங்கள். நல்ல யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் திடீர் மின்வெட்டில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கணக்குகளும் பாதுகாக்கப்படும்.

சூடும் தூசியும்

காலையில் நன்றாக இயங்கும் கணனி அரை மணி நேரத்தின் பின் திரையில் சதுரங்களும் புள்ளிகளும் காட்டினால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். புடைவைக் கடையின் நூல் தூசும், பலசரக்குக் கடையின் மாத் தூசும் மின்விசிறியை அடைத்து விடுகின்றன. மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றலாம். ரெம் அட்டையை ஒருமுறை கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்துவதும் பல வேளைகளில் பயன் தரும். மதர்போர்டில் சிறிய உருளைகளாக இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தால் அவற்றை மட்டும் மாற்றக்கூடிய கைதேர்ந்தவர்கள் இருக்கின்றார்கள். ஆனால் மின்வழங்கிப் பெட்டியையும் மொனிட்டரையும் நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அவற்றுக்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

டிரைவர் என்னும் சிறு மென்பொருள்

கணனியின் படம் வரையும் பகுதியை விண்டோஸுடன் பேச வைப்பது ‘டிரைவர்’ என்ற மென்பொருள். திரை உறைந்தாலோ கறுத்தாலோ விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய விசைகளுடன் ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இது டிரைவரை மட்டும் மீண்டும் தொடக்கும். திறந்திருக்கும் பில்கள் மூடப்படமாட்டா.

விண்டோஸை மீண்டும் பதிந்த பின் எழுத்துக்கள் பெரிதாகி, வீடியோ விட்டுவிட்டு ஓடினால் ‘டிவைஸ் மனேஜர்’ பகுதியில் ‘டிஸ்ப்ளே அடப்டர்ஸ்’ என்ற வரியைத் திறந்து பாருங்கள். அங்கே ‘மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்’ என்று இருந்தால் உரிய டிரைவர் பதியப்படவில்லை என்பது பொருள். கணனியைத் தயாரித்த கொம்பனியின் இணையத்தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். மாறாக, புதிய டிரைவர் வந்த பிறகே கோளாறு தொடங்கியிருந்தால் அதே இடத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

வீடியோ மட்டும் ஓடாவிட்டால்

மற்றெல்லாம் சரியாக இருந்து வீடியோ மட்டும் தடைப்பட்டால் மொனிட்டர் மீது பழி போடாதீர்கள். இணைய வீடியோவென்றால் தரத்தை 480 ஆகக் குறைத்துப் பாருங்கள். சரியாக ஓடினால் குறை இணைய வேகத்திலோ பழைய கணனியின் வலுவிலோ இருக்கின்றது. பென் டிரைவில் உள்ள வீடியோவென்றால் அதை ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி செய்து ஓட்டிப் பாருங்கள். படம் பச்சையாகத் தெரிந்து ஒலி மட்டும் கேட்டால், பிளேயரின் அமைப்பில் ‘ஹார்ட்வெயார் அக்சலரேஷன்’ என்பதை நிறுத்திப் பாருங்கள்.

வியாபாரிகளை அதிகம் பாதிப்பது கமெராப் பதிவுகளே. 2013இல் வெளியான எச்.265 என்ற முறையில் இன்று பல கமெராக்கள் பதிவு செய்கின்றன. முந்திய எச்.264 முறையை விட ஏறத்தாழ அரைவாசி இடமே போதும் என்பதால் கூடுதல் நாட்கள் சேமிக்கலாம். ஆனால் 2015க்கு முந்திய பல கணனிகளில் இதை விரைவாக விரித்துக் காட்டும் வசதி கிடையாது. அதனால் படம் துள்ளித் துள்ளி ஓடும். விண்டோஸின் சொந்தப் பிளேயருக்கும் இதற்கெனத் தனியான இணைப்பு தேவைப்படலாம். 1996இல் பிரான்ஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த வி.எல்.சி. பிளேயர் இலவசமானது, எச்.265 பதிவையும் ஓட்டும். சில கமெராப் பெட்டிகள் தமக்கே உரிய வடிவில் கோப்பைத் தருகின்றன. அவற்றுக்கு அந்தக் கொம்பனியின் பிளேயரே வேண்டும். ‘கோடெக்’ என்ற பெயரில் முன்பின் தெரியாத இணையத்தளங்கள் தரும் மென்பொருட்களைப் பதிந்துவிடாதீர்கள். வைரஸ் நுழைந்தால் வீடியோவோடு கடன் கணக்கும் போய்விடும்.

கடையில் களவு நடந்த பிறகுதான் பலர் பதிவை முதன்முதலாகத் திறந்து பார்க்கின்றனர். பெட்டி நிறைந்ததும் பழைய பதிவுகள் அழிந்து புதியவை அவற்றின் இடத்தைப் பிடிக்கும். வீடியோ ஓடவில்லையென்று நாட்களைக் கடத்தினால் பொலிஸாருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே இவ்வாரமே ஐந்து நிமிடப் பதிவொன்றைப் பென் டிரைவில் எடுத்து, உங்கள் கணனியில் ஓடுகின்றதா, அதிலுள்ள திகதியும் நேரமும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது

இவ்வளவும் பார்த்த பின்னர் திருத்துனரிடம் செல்வதில் தவறில்லை. ஆனால் "கணனி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "வயரைக் கழற்றினால் கோடு மறைகின்றது, தொலைக்காட்சியில் போட்டாலும் கோடு வருகின்றது" என்று சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். தேவையற்ற பாகத்தை உங்கள் தலையில் கட்டவும் முடியாது. கழற்றிய பழைய பாகத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பிணக்கு ஏற்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடப் பற்றுச்சீட்டே உங்கள் சான்று.

வாடிக்கையாளரின் கடன் விபரமும் வீட்டாரின் புகைப்படங்களும் அமானிதம். கொடுக்க முன்னர் அவற்றை வேறோர் இடத்தில் பிரதி செய்து, கணனியிலிருந்து அகற்றிவிடுங்கள். பழைய மொனிட்டரை விற்பதானால் அதிலுள்ள கோட்டை வாங்குபவருக்குக் காட்டியே விற்க வேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கின்றது. கணனிப் பொருளும் அதற்கு விலக்கல்ல.